கற்படிகளின் கதை: அன்னபூர்ணா அடிவாரக் கிராமங்களும் கூர்க்காப் படைவீரரும்

நேபாளத்துக்குச் செல்லும் உல்லாசப் பயணிகளுக்குக் கிடைக்கும் வண்ணப் பிரசுரங்களில், இலகுவான மலைநடைப் பாதைகள் என்ற வரிசையில் தவறாமல் இடம்பெறுவது கோரேபானி – காந்துருக் பாதையாகும். நான்கு அல்லது ஐந்து நாட்களில் நடந்து முடித்துவிடலாம். கயிறோ பனிக்கோடரியோ ஒட்சிசன் குழாயோ வேண்டியதில்லை. பாதையின் மிக உயர்ந்த இடமே 3210 மீற்றர்தான். நமது பிதுருதலாகலை மலையை விட ஏறத்தாழ 700 மீற்றர் கூடுதலானது, அவ்வளவே. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலக நாற்காலியில் கழித்துவிட்டு, ஐம்பதுகளின் பிற்பகுதியில் நிற்கும் என்னாலேயே நடந்து முடிக்க முடிந்தது என்றால் அதன் இலகுத்தன்மைக்கு வேறு சான்று தேவையில்லை.

சென்ற ஆண்டுப் பங்குனி மாதத்தில் அங்கு சென்றிருந்தேன். பயணக் குறிப்பு எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பனிமலைகளின் அழகை வர்ணிக்க என்னிலும் வல்லவர் பலருளர். அந்நான்கு நாட்களும் என் கால்களின் கீழ் இருந்த கற்படிகளைப் பற்றியே எழுத விழைகின்றேன். மலைச்சரிவு முழுவதும் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ள அக்கற்களை அங்கு வைத்தவர் யார்? அக்கிராமங்களின் அழகான வீடுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இக்கேள்விகளுக்கு விடை தேடப் புகுந்தால், அவ்விடை டேராடூன், டில்லி, பிரான்ஸ், மலாயா என்று உலகைச் சுற்றி, ஈற்றில் யாழ்ப்பாணத்திலும் வந்து நிற்கின்றது.

உப்பு வந்த வழி

பொக்கரா நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோ மீற்றர் தொலைவிலுள்ள நயாபுல் என்ற சிறு சந்தியில்தான் பழைய காலத்தில் எல்லோரும் நடக்கத் தொடங்குவர். நயாபுல் என்றால் புதிய பாலம் என்று பொருள். அங்கிருந்து மோதி ஆற்றங்கரையிலுள்ள பிரேதாந்தியைக் கடந்து, திக்கேதுங்காவில் முதல் இரவைக் கழித்தால், மறுநாட் காலை உல்லேரி ஏற்றம் காத்திருக்கும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகள் அவ்வேற்றத்தில் உள்ளன என்பர். நான் எண்ணிப் பார்க்க முயன்று, முந்நூறுக்குள்ளேயே கைவிட்டேன். எதிரே கழுத்து மணிகள் ஒலிக்கக் கோவேறு கழுதைகள் இறங்கி வரும்போது மலைப் பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதே வழிகாட்டி கற்பித்த முதற் பாடம். பள்ளத்தின் பக்கமாக ஒதுங்கினால் கழுதையின் சுமை நம்மைக் கீழே தள்ளிவிடும்.

உல்லேரி மகர் இனத்தவரின் ஊர். அதற்கு மேலே ஏறத்தாழ 2850 மீற்றர் உயரத்தில் கோரேபானி இருக்கின்றது. கோரா என்றால் குதிரை, பானி என்றால் நீர். குதிரைகள் நீர் அருந்திய இடம் என்ற பெயரே இவ்வூரின் பழைய வரலாற்றைச் சொல்லிவிடுகின்றது. திபெத்திலிருந்து உப்பும் கம்பளி உரோமமும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கின் வழியாகத் தெற்கே இறங்கின. தாழ்நில நெல்லும் தானியங்களும் வடக்கே ஏறின. அப்பள்ளத்தாக்கிலிருந்து பொக்கராவுக்குச் செல்லும் சரக்கு விலங்குகள் இளைப்பாறிய கணவாயே கோரேபானி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உப்பு வணிகத்தின் ஏகபோக உரிமையைப் பெற்றுச் செழித்தவர்கள் தக்காலி இன வணிகர்கள். 1959ஆம் ஆண்டின் பின்னர் திபெத்தின் எல்லை இறுக்கப்பட்டதும், இந்தியாவிலிருந்து மலிவான கடல் உப்பு மலைகளுக்குள் நுழைந்ததும் அவ்வணிகத்தின் கதையை முடித்தன.

கோரேபானிக்கு மேலே உள்ள பூன் குன்றின் மீது நின்று சூரிய உதயத்தைப் பார்ப்பதற்காக அதிகாலை நான்கரை மணிக்கே மின்சூள்களுடன் ஒரு நெடும் வரிசை புறப்படும். மகர்களின் ஒரு குலப்பெயரான பூன் என்பதே குன்றின் பெயராயிற்று. மேற்கே 8167 மீற்றர் உயரமான தவுளகிரி, வடக்கே 8091 மீற்றர் அன்னபூர்ணா, கிழக்கே மீன்வால் போலப் பிளந்த மச்சபுச்சரே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய நில அளவையாளர்கள் தவுளகிரியை அளந்தபோது, உலகின் மிக உயர்ந்த மலை அதுவே என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம்பப்பட்டது. அவர்கள் அதனை அளந்தது இந்தியச் சமவெளியில் நின்றுதான். நேபாளத்துக்குள் கால்வைக்க அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. அந்த அனுமதி மறுப்புக்குப் பின்னால்தான் நமது கதை தொடங்குகின்றது.

ஒரே ஆண்டில் இரு மலை இராச்சியங்கள்

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இம்மலைநாடு பல சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. மேற்குப் பகுதியில் இருந்த சிற்றரசுகளைச் 'சௌபீசி', அதாவது இருபத்துநான்கு அரசுகள், என்றே அழைத்தனர். அவற்றுள் ஒன்றான கூர்க்காவின் அரியணையில் 1743இல் பிருதிவி நாராயண் ஷா அமர்ந்தார். 1768இல் காத்மாண்டுவையும் மறு ஆண்டில் பக்தபூரையும் அவர் வென்றார். அவருடைய படையில் நின்று போரிட்டவர்களுள் இம்மலைச்சரிவுகளின் மகர்களும் குருங்குகளும் கணிசமானோர். அவர் வழிவந்தோர் மேற்கே சட்லெஜ் நதி வரை அரசை விரித்தபோது, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியுடன் மோதல் தவிர்க்க முடியாததாயிற்று.

1814 ஒக்டோபரில் டேராடூன் அருகே நாலாபானிக் கோட்டையை ஆங்கிலேயப் படை முற்றுகையிட்டது. உள்ளே பலபத்திர குன்வரின் தலைமையில் பெண்களும் சிறுவர்களும் உட்பட ஏறத்தாழ 600 பேரே இருந்தனர். வெளியே பீரங்கிகளுடன் பல மடங்கு பெரிய படை. ஒக்டோபர் 31ஆம் திகதி, தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் றொலோ கில்லெஸ்பி கோட்டை வாசலருகே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தப் பெயர் தமிழ் வரலாறு படித்தோருக்குப் புதியதன்று. 1806 ஜூலை 10ஆம் திகதி வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்து, நூற்றுக்கணக்கானோரைக் கொன்று, அக்கிளர்ச்சியை அன்றே அடக்கிய அதே கில்லெஸ்பிதான் இவர். வேலூரில் சில மணி நேரத்தில் வென்றவருக்கு, எட்டு ஆண்டுகளின் பின் ஒரு மலைக்கோட்டையின் வாசல் எமனாயிற்று. நாலாபானிக் கோட்டை ஈற்றில் வீழ்ந்தது. குடிநீர் தடைப்பட்ட நிலையில், எஞ்சிய சுமார் எழுபது பேருடன் பலபத்திரர் முற்றுகையைப் பிளந்துகொண்டு வெளியேறினார். அவ்விடத்தில் ஆங்கிலேயர் பின்னர் எழுப்பிய இரு தூபிகளுள் ஒன்று தம்மவருக்கு. மற்றது தம்மை எதிர்த்து நின்ற கூர்க்காக்களுக்கு.

இக்காலப்பகுதி இலங்கையருக்கு இன்னொரு வகையிலும் முக்கியமானது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இலங்கையின் கடைசி மலை இராச்சியம் ஆங்கிலேயரின் கைக்குள் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சுகௌலி உடன்படிக்கை எழுதப்பட்டு, 1816 மார்ச்சில் நேபாளம் அதனை ஏற்றது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாடுகடத்தப்பட்டு, கில்லெஸ்பி இரத்தம் சிந்த வைத்த அதே வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1832இல் மறைந்தான். நேபாள மன்னனோ அரியணையை இழக்கவில்லை. நிலத்தில் மூன்றிலொரு பங்களவை இழந்தாலும் நேபாளம் தன் சுதந்திரத்தைக் காத்துக்கொண்டது. ஆனால், அதற்குப் பதிலாக அது ஆண்டுதோறும் கொடுத்து வந்த திறையைப் பணத்தால் அளவிட முடியாது. தன் மலைகளின் இளைஞர்களையே அது திறையாகக் கொடுத்தது.

லாகூர் சென்றவர்கள்

போர் முடியுமுன்பே, 1815இல், சரணடைந்த கூர்க்காக்களையும் மலையவரையும் கொண்டு ஆங்கிலேயர் தமது முதற் கூர்க்காப் பட்டாலியன்களை அமைத்தனர். தம்மைத் தோற்கடிக்கக்கூடியவர்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்வதே மலிவான வழி என்பதை அவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். ஆங்கிலேயரின் கீழ்ச் சேர விரும்பாத சிலர் பஞ்சாபில் ரஞ்சித் சிங்கின் படையிற் சேர லாகூருக்குச் சென்றனர். பலபத்திரரும் அவ்வாறே சென்று, 1823இல் நௌஷேராப் போரில் உயிர்நீத்தார். லாகூருக்குப் போனவன் என்ற பொருளில் தோன்றிய 'லாஹுரே' என்ற சொல், அந்நியப் படைக்குப் போகும் எவனையும் குறிக்கும் சொல்லாக நேபாள மலைகளில் நிலைத்துவிட்டது. இருநூறு ஆண்டுகளின் பின், கத்தாருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவனையும் ஊரார் அப்படித்தான் அழைக்கின்றனர்.

1857இல் டில்லி முற்றுகையின்போது சிர்மூர் பட்டாலியன் ஆங்கிலேயரின் பக்கம் உறுதியாக நின்றது. அதன் பின்னர், சில இனங்கள் பிறப்பிலேயே போர்க்குணம் உடையவை என்றொரு கோட்பாட்டை ஆங்கிலேயர் வளர்த்தெடுத்தனர். 1806இல் வேலூரில் கிளர்ந்த சென்னைச் சிப்பாய்க்கு அக்கோட்பாட்டில் இடம் சுருங்கியது. குருங்குக்கும் மகருக்கும் முதலிடம் கிடைத்தது. கீழ்ப்படிந்தவனே வீரன் என்ற அளவுகோல் அது. 1919 ஏப்ரலில் அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக் மைதானத்தில், ஜெனரல் டயரின் கட்டளையின் பேரில் நிராயுதபாணிகளை நோக்கிச் சுட்ட சிப்பாய்களில் கூர்க்காக்களும் இருந்தனர் என்பதை இவ்வளவுகோலுடன் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

முதலாம் உலகப் போரில் ஏறத்தாழ 2 இலட்சம் பேரும், இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 2½ இலட்சம் பேரும் கூர்க்காப் படைகளில் சேவையாற்றினர் எனக் கணக்கிடுவர். 1915இல் பிரான்சின் போர்முனையில், காயமுற்ற ஒரு பிரித்தானியச் சிப்பாயைக் கைவிட மறுத்து மீட்டு வந்த குல்பீர் தாபா என்ற மகர் இளைஞரே விக்டோரியா சிலுவை பெற்ற முதலாவது கூர்க்கா. கூர்க்காப் படைப்பிரிவுகளுக்கு மொத்தமாக 26 விக்டோரியா சிலுவைகள் கிடைத்தன. அவற்றுள் 13 நேபாளிகளுக்கு, 13 பிரித்தானிய அதிகாரிகளுக்கு. பதக்கங்களின் கணக்கு இவ்வளவு துல்லியமாக உண்டு. மலையிலிருந்து இறங்கித் திரும்பி வராதவர்களின் கணக்கை ஊர்ப் பெண்கள்தான் வைத்திருந்தனர்.

1947இல் இந்தியா, பிரித்தானியா, நேபாளம் ஆகிய மூன்று அரசுகளும் செய்த உடன்பாட்டின்படி பத்துக் கூர்க்காப் படைப்பிரிவுகள் பாகம் பிரிக்கப்பட்டன. ஆறு இந்தியாவுக்கு, நான்கு பிரித்தானியாவுக்கு. அண்ணன் ஒரு கொடியின் கீழும் தம்பி இன்னொரு கொடியின் கீழும் நிற்க, இரண்டுமே அவர்களுடைய நாட்டின் கொடியாக இருக்கவில்லை. பிரித்தானியாவின் பங்குக்குப் போனவர்கள் 1948 முதல் 1960 வரை மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராகப் போரிட்டனர். நம்மவர் பால்வெட்டிய றப்பர்த் தோட்டங்களின் ஓரங்களில்தான் அவர்களுடைய ரோந்துகள் நடந்தன. அவர்களுடைய அடிப்படைச் சம்பளம் இந்திய இராணுவச் சம்பளத்தோடு இணைக்கப்பட்டிருந்தமையால், பிரித்தானியச் சிப்பாய்க்குப் பக்கத்தில் நின்று சண்டையிட்டவர் அவனைவிட மிகக் குறைந்த ஓய்வூதியமே பெற்றார். 1997க்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்காக்கள் பிரித்தானியாவிற் குடியேறும் உரிமையை, நீண்ட போராட்டத்தின் பின், 2009 மே மாதத்திலேயே பெற்றனர்.

காந்துருக்

கோரேபானியிலிருந்து செந்நிறப் பூக்கள் கொட்டிக் கிடந்த குராஸ் காட்டின் ஊடாகத் தாடாபானிக்கும், அங்கிருந்து இறங்கிக் காந்துருக்குக்கும் வந்து சேர்ந்தேன். ஏறத்தாழ 2000 மீற்றர் உயரத்தில், மச்சபுச்சரேயை நேருக்கு நேர் பார்த்தபடி மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்த குருங் ஊர் அது. கருங்கற் சுவர், பலகைக் கற்களால் வேய்ந்த கூரை, கல் பாவிய முற்றம், ஒழுங்கைகள் தோறும் கற்படி. குருங்குகள் தம்மைத் தமு என்று அழைத்துக்கொள்வர். திபெத்திய – பர்மிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழி அவர்களுடையது. சரிவுகளில் தினையும் சோளமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, கோடையில் ஆட்டு மந்தைகளை உயர்ந்த புல்வெளிகளுக்கு ஓட்டிச் சென்று வாழ்ந்தவர்கள் அவர்கள்.

பிரசுரங்கள் இவ்வூரைப் 'பாரம்பரியக் கிராமம்' என்கின்றன. அச்சொல்லில் பொய்யில்லை, ஆயினும் அது கதையின் பாதியை மறைக்கின்றது. படிக்கட்டு நிலங்களின் தினையை விற்று எவரும் இத்தகைய வீடுகளைக் கட்டியிருக்க முடியாது. குருங் கிராமங்களில் ஆய்வு நடத்திய மானிடவியலாளர்கள், படைச் சம்பளமும் ஓய்வூதியமுமே அங்கு பணவருவாயின் பிரதான ஊற்றாக இருந்தன என்று காட்டியிருக்கின்றனர். ஆட்சேர்ப்புக்காக ஊரூராக அலைந்த 'கல்லாவாலா' எனப்படும் முன்னாட் சிப்பாய்கள் பதினெட்டு வயது இளைஞர்களை அழைத்துச் சென்றனர். பதினைந்து ஆண்டுகளின் பின் திரும்பியவர்கள் ஓய்வூதியத்தோடு வந்தனர். அதிலிருந்து வீடு எழுந்தது, பள்ளிக்கூடம் எழுந்தது, கற்படிகள் செப்பனிடப்பட்டன. ஆண்கள் இல்லாத அப்பதினைந்து ஆண்டுகளில் வயலையும் வீட்டையும் ஊரையும் நடத்தியோர் பெண்கள். விடுமுறையில் வரும் லாஹுரேயை மாலையிட்டு ஆடிப்பாடி வரவேற்று, அவன் தரும் அன்பளிப்பைச் சேர்த்து ஊர்ப் பாதையைத் திருத்தும் வழக்கத்தைத் தாய்மார் குழுக்கள் வைத்திருந்தன. நான் ஏறி இறங்கிய படிகளில் எத்தனையோ படிகள் அப்படிச் சேர்ந்த பணத்தில் அமைந்தவை.

உல்லாசப் பயணம் இங்கு வந்ததும் படைவழியேதான். 1950 ஜூன் 3ஆம் திகதி பிரெஞ்சுக்காரர்களான மோரிஸ் எர்சோக்கும் லூயி லாஷ்னாலும் அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தனர். 8000 மீற்றருக்கு மேற்பட்ட சிகரமொன்றில் மனிதர் கால் பதித்த முதல் நாள் அது. 1957இல் மச்சபுச்சரே ஏறச் சென்ற பிரித்தானியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜிம்மி றொபேட்ஸ் என்ற கூர்க்காப் படை அதிகாரி. அக்குழுவினர் உச்சிக்குச் சுமார் 45 மீற்றர் கீழே நின்றுவிட்டுத் திரும்பினர். அம்மலை புனிதமானதெனக் கருதப்பட்டு அதன்பின் ஏறுவோருக்கு மூடப்பட்டது. அதே றொபேட்ஸ்தான் ஓய்வுபெற்ற பின்னர், 1964இல், நேபாளத்தின் முதலாவது மலைநடை நிறுவனத்தை ஆரம்பித்தார். மலை ஏறத் தெரியாத சாதாரணரும் கூடாரமும் சமையற்காரருமாக இம்மலைகளில் நடக்கலாம் என்ற எண்ணமே அவருடையது. சுமைதூக்கிகளையும் சமையலையும் முகாமையும் ஒழுங்குபடுத்தும் படைத்துறை அனுபவம் வெறொரு தொழிலுக்கு வித்தாயிற்று.

பயணிகள் பெருகியதும் காடு கரையத் தொடங்கியது. அவர்களுக்குச் சமைக்கவும் குளிக்க வெந்நீர் வைக்கவும் தங்கு விடுதிகள் மரங்களை எரித்தன. காட்டைக் காப்பதற்காக மக்களை வெளியேற்றி வேலி போடுவதே அக்காலத்து வழமை. அதற்கு மாறாக, 1986இல் காந்துருக்கைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய அன்னபூர்ணாப் பாதுகாப்புத் திட்டம் மக்களை ஊரிலேயே வைத்து, பயணிகளிடம் அறவிடும் நுழைவுக் கட்டணத்தை அவர்களுடைய ஊர்களுக்கே செலவிட்டது. விடுதிகளில் விறகுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் வந்தது. விலைப்பட்டியலை ஊர்க் குழுவே தீர்மானித்தது. 7629 சதுர கிலோ மீற்றர் பரப்புடைய இப்பகுதி இன்று நேபாளத்தின் மிகப் பெரிய பாதுகாப்பு வலயம். இத்திட்டத்தை முன்னின்று வளர்த்த சந்திர குருங், 2006 செப்டம்பரில் கஞ்சன்ஜங்கா அருகே நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் மேலும் 23 பேருடன் உயிரிழந்தார்.

1996 முதல் 2006 வரை நீடித்த மாவோவாதப் போரின் காலத்திலும் இப்பாதை மூடப்படவில்லை. வழியில் மறித்து வரி வாங்கிய கிளர்ச்சியாளர்கள், மீண்டும் ஒரு முறை கேட்கப்படாதிருக்கப் பற்றுச்சீட்டும் எழுதிக் கொடுத்தனர். வரியும் பற்றுச்சீட்டும் எமக்கும் பழக்கமானவையே என்று வழிகாட்டியிடம் சொன்னபோது அவருக்கு அது வியப்பாக இருந்தது.

பனையோலை வேலி

காந்துருக்கில் நான் தங்கிய விடுதியின் உரிமையாளருடைய தமையனார் எழுபதை அண்டிய வயதினர். நான் இலங்கையன் என்று அறிந்ததும் நிமிர்ந்து பார்த்தார். யாழ்ப்பாணமா என்று கேட்டார். இந்திய இராணுவத்தின் கூர்க்காப் படைப்பிரிவொன்றில், இந்திய அமைதிப் படையின் அங்கமாக, 1987இல் அங்கே இருந்ததாகச் சொன்னார். அவர் இந்தியில் பேச, வழிகாட்டி ஆங்கிலத்திற் சொன்னார்.

வாசகர்களுக்கு அவ்வாண்டை நினைவூட்டத் தேவையில்லை. ஜூலை 30ஆம் திகதி மாலையிட்டு வரவேற்கப்பட்ட படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே ஒக்டோபர் 10ஆம் திகதி போர் மூண்டது. 1990 மார்ச்சில் அப்படை வெளியேறும்வரை அதன் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நமது பொதுமக்களின் இழப்பு இன்றுவரை சரியாக எண்ணப்படாதது. நான் அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆயிரக்கணக்கானோருடன் எமது குடும்பமும் அடைக்கலம் புகுந்தது. தலைப்பாகை அணிந்தோர் சீக்கியர், இடுப்பில் வளைந்த கத்தி தொங்குவோர் கூர்க்காக்கள் என்று அந்நாட்களில் நாம் இனங்கண்டுகொள்வோம். அக்கத்தியை உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் காணாமல் திரும்ப வைக்கமாட்டார்கள் என்றொரு கதை கோயில் வீதியெங்கும் உலாவியது.

அதனை அவரிடம் சொன்னேன். சிரித்தார். தமது குக்ரி பெரும்பாலும் வெங்காயம் வெட்டவும் விறகு பிளக்கவுமே பயன்பட்டது என்றார். பிறகு சிரிப்பு நின்றது. தாம் சேர்ந்திருந்த கொம்பனியில் இருந்தவர்களுள் எத்தனை பேர் அங்கே இறந்தார்கள் என்பதை விரல் மடித்து எண்ணினார். அவர்களுள் ஒருவர் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊரைச் சேர்ந்தவர். அவருக்கு மறக்க முடியாதிருந்தது யாழ்ப்பாணத்து வேலிதான். மலையிற் பிறந்தவனுக்கு எதிர்ச் சரிவில் ஓர் ஆடு அசைந்தாலும் தெரியும். அங்கேயோ ஒழுங்கையின் இருபுறமும் பனையோலை வேலி, வேலிக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று தெரியவே தெரியாது என்றார். அந்த வேலிகள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டார். பெரும்பாலும் மதில்களாகிவிட்டன என்றேன்.

வேலிக்கு உட்புறம் நின்றவன் நான் என்பதை அவர் உணர்ந்துகொண்டார். தண்ணீர் எடுக்கக் கோயிலிலிருந்து வீட்டுக்குப் போன எமது அயலவர் திரும்பி வரவில்லை என்பதை நான் சொன்னேன். அவரைச் சுட்டது எந்தப் படைப்பிரிவு என்பது எமக்குத் தெரியாது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதனை எதிர்பார்த்து அங்கே போகவில்லை. நெடுநேரம் இருவரும் பேசாதிருந்தோம். பின்னர் தேநீர் வந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பதினெட்டு வயதில் தினை வயலிலிருந்து இறங்கிச் சென்ற ஒருவருக்கு நம்மீது எந்தப் பகையும் இருந்திருக்க முடியாது. அவரை அங்கே அனுப்பியது ஓர் ஒப்பந்தம். அதற்கு முன் இன்னோர் ஒப்பந்தம். அதன் தொடக்கம் 1815. இவ்வாறு சொல்வதனால் எமது அயலவரின் மரணம் இலேசாகிவிடாது. துப்பாக்கியைப் பிடித்த கைக்குப் பொறுப்பே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. ஆனால், நான் படுத்திருந்த அந்த அறையின் கற்சுவர் அவருடைய ஓய்வூதியத்தில் எழுந்தது. அவ்வோய்வூதியத்தில் யாழ்ப்பாணத்து மாதங்களும் அடக்கம். அச்சுவரில் நமது ஊரின் பங்கும் இருக்கின்றது என்பதைக் கணக்கிற் கொள்ளாமல் அதன் அழகை மட்டும் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

வெறுமையாகும் வீடுகள்

இப்போது ஜீப் வண்டிகள் காந்துருக்கின் வாசல் வரை செல்கின்றன. உல்லேரிக்கும் வீதி போய்விட்டது. முன்பு ஐந்து நாள் நடந்தவர்கள் இரண்டு மூன்று நாளில் முடித்துக்கொள்கின்றனர். நடுவழித் தேநீர்க் கடைகள் பல படுத்துவிட்டன. நோயாளியைக் கூடையில் வைத்து முதுகிற் சுமந்து இறக்கிய காலம் முடிந்ததில் ஊராருக்குப் பெருமகிழ்ச்சி. வீதி வேண்டாம் என்று சொல்ல வழிப்போக்கனுக்கு உரிமையில்லை.

படை வாசலும் ஒடுங்கிவிட்டது. 2022இல் இந்தியா நான்காண்டுக் குறுங்காலச் சேவை முறையான அக்னிபாத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, அது 1947 உடன்பாட்டுக்கு முரணானது என்று நேபாளம் ஆட்சேபித்தது. அன்றிலிருந்து நேபாளத்தில் இந்திய இராணுவத்துக்கான ஆட்சேர்ப்பு நடைபெறவில்லை. பிரித்தானியப் படையில் ஆண்டுதோறும் சில நூறு இடங்களுக்குப் பல்லாயிரம் இளைஞர் போட்டியிடுகின்றனர். மலைச்சரிவில் மணற்கூடையைத் தலைப்பட்டியிற் சுமந்து ஓடுவது அத்தேர்வின் ஓர் அங்கம். எஞ்சியோர் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பறக்கின்றனர். வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் நேபாளத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு. வசதி பெற்ற குடும்பங்கள் பொக்கராவிலோ இங்கிலாந்திலோ குடியேறிவிட்டன. காந்துருக்கின் மேல் ஒழுங்கைகளில் பூட்டிய வீடுகளைக் கண்டேன். வேலை தேடிச் சென்றோர் கட்டிய வீடுகளில் அவர்களுடைய பிள்ளைகள் வாழவில்லை. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்து இதனை வாசிக்கும் நமது உறவுகளுக்கு, ஊரிற் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

செல்ல விரும்புவோருக்கு ஒரு சொல். பங்குனி, சித்திரையில் குராஸ் பூக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் வானம் தெளிவாயிருக்கும். 2023 ஏப்ரல் முதல் வழிகாட்டியுடன் செல்ல வேண்டும் என்பது அங்குள்ள விதி. முழங்கால் தாங்குமானால் உல்லேரி வரை ஜீப்பிற் போகாது, கற்படிகளில் ஏறியே செல்லுங்கள். இரவு தங்கும் விடுதியின் உணவறைச் சுவரில், சாய்ந்த தொப்பியுடன் ஓர் இளைஞனின் படம் பெரும்பாலும் மாட்டப்பட்டிருக்கும். அவன் யார், எந்தப் படை, எந்த நாட்டில் நின்றான் என்று வீட்டாரிடம் கேளுங்கள். சொல்வதற்கு அவர்களிடம் நிறைய உண்டு, கேட்போர்தான் குறைவு.